இடிப்பதற்கு முன் எழுதிய வீட்டு வரலாறு

நான் ஓய்வு பெற்ற நாளில், எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த பிள்ளை ஒருத்தி ஈரம் காட்டும் கமராவைச் சுவருக்கு நேரே பிடித்து, திரையில் நீலமாகத் தெரிந்த இடத்தை எனக்குக் காட்டினாள். இது இல்லாத காலத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். முகர்ந்து பார்த்தோம் என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை லண்டனில், குட்மேய்ஸில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. "அன்ரி, எழுதித் தாங்கோ. தமிழிலையே எழுதுங்கோ, அம்மா வாசிச்சுச் சொல்லுவா" என்றாள். அவளுக்காகவும் அவளுடைய அம்மாவுக்காகவும் இதை எழுதுகிறேன்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டட வரைபடம் படித்தேன். எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்தேன். ஃபாரஸ்ட் கேட்டில் ஓர் அறை, கிழக்கு லண்டன் கவுன்சில் ஒன்றின் கட்டடப் பிரிவில் உதவியாளர் வேலை, கிழமையில் ஒருநாள் கல்லூரி. அவ்வளவுதான். என் பையில் எப்போதும் இருந்தவை: துணி அளவுநாடா, இரும்பு அளவுநாடா, டோர்ச், ஸ்பிரிட் லெவல், இரண்டு ஊசிமுனை கொண்ட ஈரமானி, சோக்கட்டி, தளம் சரிவா என்று உருட்டிப் பார்க்க ஒரு கண்ணாடிப் போளை (கோலிக்குண்டு), இன்னொரு சோடி காலுறை. காலுறையை மறந்த நாட்களில்தான் நிலவறைக்குள் தண்ணீர் இருக்கும்.

எனக்கு மேலே இருந்தவர் மிஸ்டர் பென்ஃபோல்ட். உயரமான, மெலிந்த மனிதர். சைக்கிளில் வந்து இறங்கினால், காற்சட்டையின் அடியில் பிடிக்கும் வளையத்தை மாலைவரை கழற்ற மாட்டார். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் சுற்று இரண்டு கைகளையும் கோட்டுப் பைகளுக்குள் வைத்துக்கொண்டுதான். எதையும் தொடக் கூடாது, அளக்கக் கூடாது, பேசக் கூடாது. இரண்டாம் சுற்றில் ஒரு பெப்பர்மின்ட்டை வாயில் போட்டுக்கொள்வார். அதன் பிறகுதான் நாடா வெளியே வரும். தாளை நெடுக்காக மடிக்கச் சொல்வார். இடப்பக்கம் கண்டதை மட்டும் எழுத வேண்டும். வலப்பக்கம் காரணம். வலப்பக்கத்தை அலுவலகத்துக்குத் திரும்பி, தேநீர் குடித்த பிறகே தொடலாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெரும் புயல் ஒன்று அடித்து ஓய்ந்த பிறகு, நான் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு, "புகைபோக்கி புயலால் சாய்ந்துள்ளது" என்று இடப்பக்கத்தில் எழுதிவிட்டேன். 'புயலால்' என்ற சொல்லை மட்டும் வெட்டி, புயல் தள்ளியதை நான் பார்த்தேனா என்று கேட்டார். பிறகு அந்த வீட்டுக்காரர் தம் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். மணமக்களுக்குப் பின்னால் அதே புகைபோக்கி, அதே சாய்வில் நின்றது. படம் புயலுக்குப் பல வருடம் முந்தியது. மிஸ்டர் பென்ஃபோல்ட் பெப்பர்மின்ட் பெட்டியை என் பக்கம் நீட்டினார். அவர் பாராட்டுவதும் கண்டிப்பதும் அந்தப் பெட்டியாலேதான்.

அப்படிப்பட்டவரே ஒருமுறை வலப்பக்கத்தை முந்தி நிரப்பினார். அந்த வீட்டைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

பேருந்து கடைசியாகத் திரும்பும் இடத்தில் ஒரு சிறு தேவாலயம், தூர்ந்துபோன குளம், ஒட்டி நின்ற பழைய வீடுகள் சில. சுற்றிவரப் புதுக் குடியிருப்புகளும் பெரிய ரவுண்டபவுட்டும் வந்த பிறகும் அங்குள்ளவர்கள் அதைக் கிராமம் என்றே சொன்னார்கள். அதில் ஓரத்து வீட்டை வீதி அகலிப்பதற்காகக் கவுன்சில் வாங்கி வைத்திருந்தது. வீதித் திட்டம் தூங்கிவிட்டதால், வீடில்லாத குடும்பங்களுக்குத் தற்காலிகமாகக் கொடுத்தார்கள். அப்போது அதில் இருந்தவர்கள் நடராசா அண்ணை, பரமேஸ் அக்கா, அவர்களுடைய இரண்டு பெண்பிள்ளைகள். அகதியாக வந்து, ஒரு விடுதி அறையில் நான்கு பேரும் ஒரே கட்டிலைச் சுற்றி வாழ்ந்து, சமைக்க அனுமதியில்லாமல் பாண் ரொட்டியும் வாழைப்பழமுமாகக் காலம் தள்ளியவர்கள். அண்ணைக்குப் பாண் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட்.

வீட்டின் முன்சுவரில் வெடிப்பு. நிலவறையில் எப்போது பார்த்தாலும் தண்ணீர். குழாயும் கழிவு வாய்க்காலும் சோதிக்கப்பட்டன. ஒழுக்கு இல்லை. தண்ணீரில் மஞ்சள் நிறமும், நிலவறைச் சுவரில் அது தொட்ட இடத்தில் செம்மையும் இருந்தன. மிஸ்டர் பென்ஃபோல்டின் வலப்பக்கம் சொன்னது இது: அடியில் ஊற்று இருக்கிறது; மஞ்சள், ஊற்று அரித்துக் கொண்டுவரும் மண்; செம்மை, இரும்புக் கறை. அத்திவாரத்தின் கீழ் நிலம் கரைகிறது. இடிக்க வேண்டும். அடுத்த கமிட்டிக்கு அறிக்கை போகத் தயாராக இருந்தது. போனால், அந்தக் குடும்பம் மீண்டும் ஏதாவது ஒரு விடுதி அறைக்குத்தான்.

என்னை அனுப்பியது வீட்டைக் காப்பாற்ற அல்ல. பழைய வீடொன்றை இடிக்கும்போது அதன் வரைபடத்தையும், அதில் யார் யார் இருந்தார்கள் என்ற வரலாற்றையும் ஒரு கோப்பில் வைப்பது எங்கள் பிரிவின் வழக்கம். செத்த வீட்டில் இறந்தவரின் வரலாற்றைக் கல்வெட்டு என்று அச்சடித்துக் கொடுப்பதைப் போன்ற வேலை.

நூலகத்தில் பழைய தெரு விபரக் கொத்துகளும் குடிக்கணக்குத் தாள்களும் பெயர்களைத் தந்தன. கட்டியவர் தோமஸ் என்ற வண்டிச்சில்லுத் தச்சர். அவர் இறந்த பின் மனைவி ஹனா அங்கே பியர் விற்றிருக்கிறார். அந்தக் காலத்துச் சட்டம் அப்படி. உரிமப் பணத்தைக் கட்டினால், சாதாரண குடித்தனக்காரர் தம் முன் அறையிலேயே பியர் விற்கலாம். சாராயம் கூடாது. இதைப் பியர் வீடு என்பார்கள். 'பப்' என்ற அந்தஸ்து அதற்கில்லை. ஹனாவுக்குப் பின் வேறொரு தம்பதி நெடுங்காலம் விற்றார்கள். பிறகு உரிமம் போய்விட்டது. சப்பாத்துத் தைப்பவர் ஒருவர் இருந்தார். கடைசியாக ஒரு ரயில்வே ஊழியர். அவருடைய மகள் மிஸஸ் ஆர்ச்சர், கல்யாணமாகி அடுத்த வீட்டுக்கே வாழ்க்கைப்பட்டு, அறுபது தாண்டியும் அங்கேயே இருந்தார்.

நான் போனது ஒரு வியாழக்கிழமை. கதவைத் திறந்த பரமேஸ் அக்கா என் கையிலிருந்த நாடாவைத்தான் முதலில் பார்த்தார். நான் தமிழில் பேசியதும் அவருக்கு அரைவாசி நிம்மதி, அரைவாசிச் சந்தேகம்.

"எங்களை வீட்டாலை எழுப்பத்தானே அளக்கிறீர், பிள்ளை?"

"வரைபடம் கீறத்தான் வந்தனான் அக்கா."

"கீறி முடிய இடிப்பாங்களோ?"

நான் நாடாவைப் பைக்குள் வைத்தேன். அவர் தேத்தண்ணி போடப் போனார். நான் கைகளைக் கோட்டுப் பைகளுக்குள் வைத்துக்கொண்டு முதல் சுற்றுப் போனேன்.

முன் அறைத் தளம் செங்கல். மேலே ஒட்டியிருந்த லினோலியம் மணக்கிறது என்று அக்கா வந்த புதிதிலேயே உரித்து எறிந்துவிட்டாராம். முன் அறைக்கும் பின் அறைக்கும் இடைச்சுவரில், நெஞ்சுயரத்தில் ஒரு சிறு யன்னல் வெட்டியிருந்தது. அதில் பிள்ளையாரும் முருகனும் லட்சுமியும் வரிசையாக இருந்தார்கள். சாமி வைக்கவென்றே யாரோ கட்டிவிட்ட மாடம் என்று அக்கா பெருமையாகச் சொன்னார். போளையைத் தளத்தில் வைத்தேன். தயங்காமல் உருண்டு முன்சுவரின் இடது மூலைக்குப் போய் நின்றது. எந்தப் பக்கத்தில் வைத்தாலும் அதே மூலை.

தளம் தாழ்ந்துவிட்டது என்று எழுதத்தான் கை போனது. எழுதுமுன் சுவரடிப் பலகையைப் பார்த்தேன். அதன் கீழ்விளிம்பு தளத்தின் சரிவுக்கு ஏற்றபடி சாய்வாகச் சீவப்பட்டிருந்தது. சீவிய விளிம்பில் பழைய வர்ணம், அடுக்கடுக்காக. செங்கற்களின் பொருத்துகள் எங்கும் விலகவில்லை. தாழ்ந்த தளம் என்றால் பலகைக்கும் கல்லுக்கும் இடையில் வாய் திறந்திருக்க வேண்டும். இது சரிவாகவே போடப்பட்ட தளம். இடப்பக்கத்தில் அதை மட்டும் எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை போனபோது முன்கதவு திறந்திருந்தது. பரமேஸ் அக்கா வீட்டுச் சட்டையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாளி வாளியாகத் தண்ணீரைத் தளத்தில் ஊற்றி விளக்குமாற்றால் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தார். கடைசி வாளியில் மஞ்சள் கரைத்திருந்தது. ஊரில் வெள்ளிக்கிழமை எந்த வீட்டில் கழுவவில்லை? நானே மறந்துபோயிருந்தேன். லண்டனில் எல்லோரும் கார்ப்பெட்டின் மேல் இருக்கிறோம்.

"அங்காலை நில்லும், கால் நனையும்."

"தண்ணி எங்கை போகுதக்கா?"

"மூலைக்கு. தள்ளக்கூடத் தேவையில்லை, தானாப் போகும். நல்ல வீடு இது."

வாசலில் நின்றபடியே மூலையைப் பார்த்தேன். தண்ணீர் அங்கே கூடியது, சுழித்தது, மெல்ல வற்றியது. வெளியே எட்டிப் பார்த்தேன். நடைபாதை காய்ந்திருந்தது.

நிலவறைக்கு இறங்கினேன். முன்சுவரின் அதே மூலையில், மேலிருந்து கோடாக வழிந்து வந்துகொண்டிருந்தது. குனிந்து முகர்ந்தேன். மஞ்சள். குடும்பம் குடிவருவதற்கு முன் கவுன்சில் ஆட்கள் நிலவறைக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அந்த வெள்ளையில் மஞ்சள் தண்ணீர் பட்ட இடமெல்லாம் சிவந்திருந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன நிறம் என்று ஆலாத்தி கரைத்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். மிஸ்டர் பென்ஃபோல்டுக்கு யாரும் ஆலாத்தி எடுத்ததில்லை.

எங்கள் ஆட்கள் எப்போதும் கிழமையின் தொடக்கத்தில்தான் வந்திருக்கிறார்கள். அதற்குள் தளம் காய்ந்து பாய் விரித்தாகிவிடும். வீட்டுக்குள் தண்ணீர் சிந்துகிறதா என்று மூத்த மகளைக் கொண்டு கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று அக்கா சொல்லியிருக்கிறார். அவர் சிந்தவில்லைத்தானே.

மேலே வந்து நான் சொன்னபோது, அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்திருந்த நடராசா அண்ணை தொப்பியைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். அவருக்கு உடனே விளங்கியது. எனக்குத்தான் கொஞ்சம் பிந்தி விளங்கியது. ஊற்று என்றால் வீட்டை இடிப்பார்கள். ஊற்று இல்லை, குடியிருப்பவர்களே தண்ணீர் ஊற்றிச் சுவரைப் பழுதாக்கினார்கள் என்றால், வீடு நிற்கும், இவர்களை வெளியேற்றுவார்கள். வீட்டைப் பழுதாக்கியதாகக் கோப்பில் விழுந்துவிட்டால் அடுத்த வீடு கிடைப்பதும் பாடு.

"இனி ஊத்தாமல் விடுறம்," என்றார் அண்ணை. "நீர் எழுதாமல் விடும், தங்கச்சி."

"எழுதாட்டி இடிப்பினம் அண்ணை."

"எழுதினாலும் நாங்கள்தானே ரோட்டிலை."

அக்கா விளக்குமாற்றை இன்னும் கையிலேயே வைத்திருந்தார்.

நான் என் தாளை எடுத்து இடப்பக்கத்தைத் திரும்ப வாசித்தேன். சரிவாகவே போடப்பட்ட தளம். மண்ணும் சேறும் மிதிபடும் பியர் வீட்டில், சிந்திய பியரை வாளித் தண்ணீரால் அடித்துக் கழுவ, அப்படித்தான் போட்டிருப்பார்கள். அப்படியானால் அந்த மூலையில் தண்ணீர் வெளியே போக ஒரு வழியும் இருந்திருக்க வேண்டும். வழியை வைத்தவர் ஒருவர், அடைத்தவர் ஒருவர் என்றால், கழுவியவர் மேல் பிழை இல்லை. அதற்கு முதலில் இந்த அறைதான் பியர் விற்ற அறை என்பதை நான் காட்ட வேண்டும். காட்டக்கூடிய இடம் ஒன்றுதான்: சாமி இருந்த யன்னல்.

படங்களைக் கொஞ்சம் இறக்க முடியுமா என்று அக்காவைக் கேட்டேன். ஏன் என்று கேட்டார். அண்ணை நிலத்தைப் பார்த்தார். அவருக்கு முதலே தெரியும் என்பது அந்தப் பார்வையில் எனக்குத் தெரிந்தது. வேறு வழியில்லாமல், முன்பு இந்த யன்னல் வழியாகத்தான் பியர் விற்றார்கள் என்று சொன்னேன்.

"தவறணையோ?" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "தவறணையிலையோ நான் இவ்வளவு நாளும் விளக்கு வைச்சனான்?"

"அது மூடி எங்கடை பாட்டன் காலம்," என்றார் அண்ணை.

"உமக்குத் தெரியும்."

"தெரியும். சொன்னா நீர் வந்திருக்க மாட்டீர். பிள்ளையள் அந்த விடுதி அறையிலையே இருந்திருக்குங்கள்."

"சாமியைக் கொண்டுபோய் குடிக்கிற கிளாஸ் வைச்ச இடத்திலை வைச்சிருக்கிறன்."

"கழுவிக் கழுவித்தானே வைச்சனீர். ஊரிலை ஒரு தவறணையும் இவ்வளவு கழுவுப்பட்டிருக்காது."

அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, படங்களை ஒவ்வொன்றாக இறக்கி, ஒரு வெள்ளைத் துணியில் வைத்தார். கடைசியாக விரித்திருந்த பட்டுத்துணியை எடுத்தார். அடியிலிருந்த தடித்த ஓக் பலகையின் நடுப்பகுதி, குவளைகள் இழுபட்டு இழுபட்டுப் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. வட்ட வட்டமான கறைகள் ஒன்றின்மேல் ஒன்றாக. பின் அறைப் பக்கம் கொடுத்தவர்களின் கை, முன் அறைப் பக்கம் வாங்கியவர்களின் கை. ஹனாவையும் அந்தத் தம்பதியையும் நான் பெயர்களாகத்தான் அறிந்திருந்தேன். இங்கேதான் அவர்கள் நின்றிருக்கிறார்கள்.

மூலைக்குப் போய், உளியால் சுவரோடு ஒட்டிய கல் ஒன்றைக் கிளப்பினேன். அடியில் சுடுமண் குழாய் ஒன்று சுவருக்குள் புகுந்து போனது. டோர்ச்சை அடித்தேன். கொஞ்சத் தூரத்தில் சீமெந்து.

அடுத்த வீட்டு மிஸஸ் ஆர்ச்சர் இதற்குள் வாசலுக்கு வந்துவிட்டார். குழாயை எட்டிப் பார்த்ததும், அது தன் அப்பா அடைத்தது என்றார். அதன் வழியாக எலி வந்ததாம். எலி அம்மாவின் தொப்பியைத் தின்றுவிட்டதாம். அப்பா ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் சீமெந்து குழைத்து, உடைந்த சோசர் ஒன்றையும் சேர்த்து அடைத்தாராம். பிறகு லினோலியம் போட்டார்களாம். அதன்பின் அந்தத் தளத்தில் வாளித் தண்ணீர் விழவில்லை, பரமேஸ் அக்கா வரும்வரை.

வலப்பக்கத்தை அலுவலகத்தில், தேநீருக்குப் பின்தான் எழுதினேன். திங்கட்கிழமை மிஸ்டர் பென்ஃபோல்ட் தானே வந்தார். கைகளைக் கோட்டுப் பைகளுக்குள் வைத்து ஒரு சுற்று. இரண்டாம் சுற்றில் பெப்பர்மின்ட். சமையலறை மேசையில் நான் இரண்டு கிளாஸ் வைத்திருந்தேன். ஒன்றில் நிலவறைத் தண்ணீர், மற்றதில் அக்கா கரைத்த மஞ்சள் தண்ணீர். பக்கத்தில் கொஞ்சம் சுண்ணாம்பு. இரண்டிலும் சுண்ணாம்பைப் போட்டேன். இரண்டும் சிவந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். திரும்பச் செய்யச் சொன்னார். பிறகு தானே செய்தார். பிறகு மஞ்சள்தூள் பொட்டலத்தை வாங்கி முகர்ந்து பார்த்து, இது சாப்பாட்டுக்கு இல்லையா என்று அக்காவைக் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"எல்லாத்துக்கும்தான் எண்டு சொல்லும்," என்றார் அக்கா.

நான் பயந்திருந்த கேள்வியை மிஸ்டர் பென்ஃபோல்ட் பிறகுதான் கேட்டார். குடியிருப்பவர்கள் வீட்டைத் தவறாகப் பயன்படுத்தியதாக வீடமைப்புப் பிரிவு சொல்லுமே, அதற்கு என்ன பதில்? நான் சரிவையும் பலகையையும் குழாயையும் காட்டினேன். மிஸஸ் ஆர்ச்சர் சொன்னதைச் சொன்னேன். அவர் குந்தியிருந்து குழாய்க்குள் நெடுநேரம் பார்த்தார். எழும்பி, தன் பழைய அறிக்கையின் வலப்பக்கத்தை நெடுக்காகக் கிழித்து, மடித்து, சட்டைப்பைக்குள் வைத்தார். புதிதாக எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்.

"தளம் கழுவுவதற்காகவே போடப்பட்டது. இப்போது குடியிருப்பவர்கள் அதைக் கழுவுகிறார்கள். தண்ணீர் போகும் வழியை முன்பு குடியிருந்தவர் அடைத்துள்ளார். அதைத் திறக்க வேண்டும்."

கமிட்டி அதை ஏற்றது. முன்சுவர் வெடிப்பின் குறுக்கே கண்ணாடிப் பட்டை ஒட்டினோம். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். நிலவறை காயக் காயப் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது உடையவில்லை. வீதி இன்றுவரை அகலவில்லை. அந்தக் குடும்பத்துக்கு அந்த வீட்டையே நிரந்தரமாகக் கொடுத்தார்கள். பிள்ளைகள் இரண்டும் அங்கிருந்துதான் பல்கலைக்கழகம் போனார்கள். அதற்குப் பிறகு நான் எத்தனையோ பெரிய கட்டடங்களைப் பார்த்திருக்கிறேன். பெரிய கோப்புகளில் கையெழுத்து வைத்திருக்கிறேன். கோப்பில் எழுதிய வரலாறுகளில் இடிக்காமல் மிஞ்சியது இது ஒன்றுதான்.

சாமிப் படங்கள் சில நாட்கள் மேல்மாடி அலுமாரியில் இருந்தன. குழாய் திறந்து முடிந்த கிழமை நான் போனபோது, அவை பழையபடி யன்னலுக்கு வந்திருந்தன. நான் பார்த்ததை அக்கா பார்த்துவிட்டார்.

"பிள்ளையாருக்குத் தெரியாமலோ அதிலை வந்து இருந்தவர்?" என்றார்.

அன்று வெள்ளிக்கிழமை. அண்ணை வாளிகளை நிரப்பிக் கொடுத்தார். மிஸ்டர் பென்ஃபோல்டும் மிஸஸ் ஆர்ச்சரும் நானும் வெளியே நடைபாதையில் நின்றோம். மிஸ்டர் பென்ஃபோல்ட் கைகளைக் கோட்டுப் பைகளுக்குள் வைத்திருந்தார். நானும் அப்படியே. உள்ளே தண்ணீர் விழும் சத்தம், விளக்குமாற்றின் சத்தம். வெளிச்சுவரில் புதிதாகத் திறந்த குழாயின் வாய் காய்ந்தே இருந்தது. மிஸஸ் ஆர்ச்சர் தன் அப்பாவின் சீமெந்து லேசுப்பட்டதல்ல என்றார்.

பிறகு உள்ளே ஏதோ இளகியதைப் போல ஒரு சத்தம். குழாயின் வாயில் முதலில் கறுப்பாகக் கொஞ்சம் வந்தது. அதற்குப் பின்னால் மஞ்சளாக, தடையில்லாமல், நடைபாதையைக் கடந்து வீதி ஓரத்து வாய்க்காலுக்கு ஓடியது. மிஸ்டர் பென்ஃபோல்ட் சப்பாத்து நனையாமல் ஓர் அடி விலகி நின்றார். பெட்டியை எடுத்து எனக்கு ஒரு பெப்பர்மின்ட் நீட்டினார்.

"வருதோ, பிள்ளை?" உள்ளே இருந்து அக்கா கேட்டார்.

"வருதக்கா," என்றேன். "ஊத்துங்கோ."